கலைச்சொல் வேண்டல்: வால்வு ஆம்ப்பின் 'எஃபெக்ட்ஸ் லூப்', அதன் 'பைபாஸ்'

வணக்கம்.

வால்வு கிட்டார் ஆம்ப் பற்றிய கையேடு ஒன்று தமிழாகிறது. 'எஃபெக்ட்ஸ் லூப்' (ஆம்ப்பின் நடுவில் பெடல்களைச் செருகும் வழி) என்பதற்கு 'விளைவு வளையம்', 'பைபாஸ்' (அந்த வழியைத் தவிர்ப்பது) என்பதற்குப் 'புறவழி' என்று வரைவில் இருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் இப்படி வருகிறது: "விளைவு வளையத்தைப் புறவழியாக்கினால் தொனி மாறும்." ஆம்ப்பைத் திறந்து பார்த்தவருக்கே இது புரியாது. மாற்று சொல்லுங்கள்.

* * *

> விளைவு வளையம்

வளையம் என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். இங்கே சிக்னல் முன்பெருக்கியின் (ப்ரீஆம்ப்) கடைசியில் வெளியேறி, டிலே, ரிவெர்ப் பெடல்களுக்குள் போய், திறன்பெருக்கியின் (பவர் ஆம்ப்) வாசலில் வந்து சேர்கிறது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதே இல்லை. போதாததற்கு, அதே ஆம்ப்பில் உண்மையான வளையம் ஒன்றும் உண்டு: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு (திறன்பெருக்கியின் முதல் வால்வு நிலை) திரும்பும் எதிர்ப்பின்னூட்டம். இரண்டையும் 'வளையம்' என்றால் அந்தப் பின்னூட்டத்தை மாற்றும் பிரசென்ஸ் குமிழைப் பற்றிய பத்தியில் வாசகர் தடுமாறுவார்.

'செருகுவழி' என்று வைக்கலாம். 'இடைச்செருகல்' இன்னும் அழகுதான், ஆனால் சுவடியில் பிற்காலத்தார் நுழைத்த பாட்டு என்ற பொருள் முந்திக்கொண்டு வரும். சிக்னல் வெளியேறும் சென்ட், உள்ளே வரும் ரிட்டர்ன் ஜாக்குகளை 'அனுப்புவாய், பெறுவாய்' என்று மொழிபெயர்த்தால் ஆம்ப் நமக்கு ஆசீர்வாதம் செய்வது போல் இருக்கும். போக்குவரத்தைப் பிரித்துப் 'போக்குமுனை, வரவுமுனை' என்றால் போதும்.

* * *

செருகுவழிக்கு என் ஓட்டு. சிக்கல் பைபாஸில்தான். ஒரே ஆங்கிலச் சொல்லை மூன்று நிலைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். மூன்றிலும் தொனி மாறும் காரணம் வேறு.

ஒன்று, ஜாக்குகளில் எதுவும் செருகாத நிலை. "லூப் பைபாஸில் இருக்கிறது" என்று பலர் இதைத்தான் சொல்கிறார்கள். உண்மையில் எதுவும் விலகவில்லை. பல ஆம்ப்களில் 12ஏஎக்ஸ்7 என்ற இரட்டை வால்வின் ஒரு பாதி கேத்தோடு ஃபாலோயராக (அளவை உயர்த்தாமல் சிக்னலுக்கு வலு மட்டும் தரும் நிலை) போக்குமுனையை ஓட்டும், மறுபாதி வரவுமுனையில் குறைந்த சிக்னலை மீண்டும் உயர்த்தும். பெடல் இல்லாவிட்டாலும் சிக்னல் இரண்டு பாதிகளையும் கடந்துதான் போகிறது. நடுவில் பாலமாக இருப்பது வரவுமுனை ஜாக்கின் உள்ளே இருக்கும் ஒரு சிறிய தகடு. பிளக் நுழைந்தால் விலகும், எடுத்தால் தொடும். அந்தத் தகட்டில் களிம்பு ஏறினால் ஒலி இறங்கும், கூர்மை போகும், சில நேரம் கரகரக்கும். வால்வு போய்விட்டது என்று நினைத்து வால்வை மாற்றுபவர்கள் நிறைய. ஒரு குட்டைக் கேபிளைப் போக்குமுனையிலிருந்து வரவுமுனைக்குச் செருகிப் பாருங்கள். ஒலி திரும்பினால் குற்றவாளி அந்தத் தகடுதான். கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பிளக்கைப் பத்து முறை செருகி எடுக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் ஜாக்கையே மாற்ற வேண்டும்.

இரண்டு, சுவிட்ச் போட்டு அந்த இரண்டு பாதிகளையும் பாதையிலிருந்தே எடுப்பது. மாஸ்டர் வால்யூமிலிருந்து நேராக ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு. தொனி உண்மையாக மாறுவது இங்கேதான்.

மூன்று, செருகுவழி வேலை செய்துகொண்டிருக்க, அதிலுள்ள பெடலை மட்டும் காலால் அணைப்பது. வால்வும் கேபிளும் பாதையிலேயே இருக்கின்றன.

மூன்றுக்கும் 'புறவழி' என்று ஒரே சொல்லைப் போட்டால், தகட்டைத் துடைக்க வேண்டியவர் சர்க்யூட்டைப் பிரிப்பார்.

* * *

> தொனி உண்மையாக மாறுவது இங்கேதான்

எவ்வளவு மாறும் என்பதையும் எழுதிவிட வேண்டும், சொல் அதற்கு ஏற்ப அமைய வேண்டும்.

முதலில் அளவு. எடுத்துக்காட்டாக, மாஸ்டருக்குப் பிறகு 10 வோல்ட் இருக்கிறது. பெடல் தாங்கட்டும் என்று போக்குமுனையில் அதை இருபதில் ஒன்றாக, 0.5 வோல்ட்டாகக் குறைக்கிறார்கள். வரவுப் பக்கத்து வால்வு அதை 35 மடங்கு உயர்த்தினால் 17.5 வோல்ட். செருகுவழி இருந்தால் ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு 17.5, விலக்கினால் 10. ஏறக்குறைய 5 டெசிபெல் வித்தியாசம். காது இதைத் 'தடிமன் போச்சு' என்று கேட்கும், ஆனால் அதில் பெரும்பகுதி வெறும் ஒலியளவு குறைந்ததுதான். வேறு ஆம்ப்பில் கணக்கு எதிர்ப்பக்கம் சாயலாம், விலக்கியதும் ஒலி பெருக்கலாம்.

இதைச் சரிபார்க்க ஆம்ப்பைத் திறக்க வேண்டியதில்லை. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேலும் டிசி இருக்கலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் தங்கும். 8 ஓம் வெளியீட்டில் ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் டம்மி லோடைப் (திறன் தாங்கும் மின்தடை) பூட்டி, 400 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் குறைந்த அளவில் கொடுத்து, லோடின் குறுக்கே 2 வோல்ட் ஏசி வருமாறு மாஸ்டரை வையுங்கள். அது அரை வாட்தான். சுவிட்சைத் தட்டி, மீண்டும் 2 வோல்ட் வரும் வரை மாஸ்டரைத் திருப்பி, இரண்டு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆம்ப்பை அணைத்து, ஸ்பீக்கரை மீண்டும் பூட்டி, கிட்டாரைச் செருகி, குறித்த இடங்களில் மாஸ்டரை வைத்து ஒப்பிடுங்கள். மிஞ்சுவதுதான் உண்மையான தொனி வேறுபாடு.

அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது? கேத்தோடு ஃபாலோயர் ஓங்கி ஓட்டப்படும்போது உச்சிகளை மெல்ல அமுக்கும். அது போனால் பிக் அடி கூர்மையாகத் தெரியும். வரவுப் பக்கத்து வால்வின் கிரிட்டில் (சிக்னல் நுழையும் முனை) மில்லர் விளைவால், அதாவது வால்வின் உள் மின்தேக்கம் பெருக்கத்தால் பெரிதாகத் தெரிவதால், சுமார் 100 பைக்கோஃபாரடு மின்தேக்கம் சேர்கிறது. அதற்கு முன்னால் 220 கிலோ ஓம் மின்தடை இருந்தால் 7 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டியே உயர் அதிர்வெண்களின் சரிவு தொடங்கும். விலக்கினால் உயர் அதிர்வெண்கள் சற்றுத் திறக்கும்.

வால்வே இல்லாத செருகுவழியில் கதை வேறு. வெளியீட்டு மின்னெதிர்ப்பு 50 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக 5 மீட்டர், வர 5 மீட்டர் கேபிள், மீட்டருக்கு 100 பைக்கோஃபாரடு. மொத்தம் 1 நானோஃபாரடு. சரிவு 3.2 கிலோ ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும், கம்பளியைப் போர்த்திய ஒலி. கேத்தோடு ஃபாலோயரின் வெளியீட்டு மின்னெதிர்ப்பு சுமார் 600 ஓம்தான் என்பதால் அங்கே அதே கேபிள் காதுக்குத் தெரியாது. அலெக்சாண்டர் டம்பிள் கட்டிய ஆம்ப்களுக்கு டம்பிளேட்டர் என்ற தனி வால்வுப் பெட்டி வந்தது இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

* * *

புறவழிச்சாலை ஊருக்குள் நுழையாமல் ஊரைச் சுற்றிப் போகும். இங்கே பெடல்கள் இருக்கும் பாதைதான் சுற்றுவழி, சுவிட்ச் போட்டபின் கிடைப்பது நேர்வழி. உவமை தலைகீழாக நிற்கிறது. 'புறவழி'யைக் கேத்தோடு மின்தடையின் மேல் போடும் மின்தேக்கிக்கு விட்டுவிடலாம். அங்கே ஏசி உண்மையிலேயே மின்தடையைச் சுற்றிக்கொண்டு போகிறது.

* * *

அப்படியானால் முதல் நிலை 'வெற்றுச் செருகுவழி', இரண்டாவது 'செருகுவழி விலக்கு', மூன்றாவது 'பெடல் அணைப்பு'. வரிவிலக்கு நினைவுக்கு வந்தாலும் பாதகமில்லை. "செருகுவழியை விலக்கினால்" என்று வினையாகவும் இயல்பாக வருகிறது.

விலக்கு என்ற பதிவின் கீழ் இரண்டு குறிப்பு சேருங்கள். மீசா பூகி ரெக்டிஃபையர் ஆம்ப்கள் பலவற்றில் செருகுவழியை விலக்கினால் அவுட்புட், சோலோ குமிழ்களும் சேர்ந்தே விலகிவிடும். பழுது என்று எண்ணிக் கழற்ற வேண்டாம். சுவிட்சைத் தானே பூட்டுபவர், விலகி நிற்கும் கிரிட்டைத் தரையோடு இணைக்க வேண்டும், இல்லையேல் இரைச்சல் கசியும். சுவிட்சுக்குப் போகும் கம்பி ஷீல்டு போட்டதாக இருக்கட்டும், ஷீல்டு ஒரு முனையில் மட்டும் தரையைத் தொடட்டும். தட்டும்போது 'டப்' என்றால் கப்ளிங் மின்தேக்கிக்கு (நிலைகளுக்கு இடையே டிசியைத் தடுப்பது) பிறகு தரைக்கு 1 மெகா ஓம் மின்தடை போடுங்கள்.

* * *

ஏற்றுக்கொண்டேன், வரைவைத் திருத்துகிறேன். பேரலல் லூப்புக்கு என்ன சொல்வது? 'இணைச் செருகுவழி' சரியா?

* * *

'இணை' ஜோடி என்றும் படும். 'பக்கச் செருகுவழி' எழுதுங்கள், சிக்னலின் ஒரு பகுதி நேராகவும் ஒரு பகுதி பக்கமாகவும் போகிறது என்பது தெரியும். அங்கே விலக்கின் விளைவும் தனி: டிஜிட்டல் பெடல் 1 மில்லிசெகண்ட் தாமதித்தால் நேர் சிக்னலோடு சேரும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். விலக்கியதும் பள்ளம் நிரம்பும். அதைத் தொனி 'கூடியது' என்று எழுதிவிடாதீர்கள்.