கற்பனை நண்பன் வரும் படங்களில் மறக்க முடியாத ஒரு கணம் எது?

கடைசி வரிசை:
புறாக்கள்தான். 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' (2001) படத்தில் கணித மேதை ஜான் நாஷின் கண்ணுக்கு மட்டும் தெரியும் மார்சி என்ற சிறுமி புறாக்கூட்டத்துக்குள் ஓடுவாள், ஒரு புறாகூடச் சிறகடிக்காது. முதல் தடவை யாருக்கும் உறைக்காது, கண்ணெல்லாம் குழந்தை மேல்தானே இருக்கும். பிறகு மழையில் நாஷ் மனைவியின் காரை மறித்து, மார்சிக்கு வயதே ஏறவில்லை என்று சொல்லும்போதுதான் புறாக்கள் ஞாபகத்துக்கு வரும். வருடங்கள் ஓடிவிட்டன, அவள் மட்டும் அதே உயரம். தன் நோயை ஒரு கணக்குப் பிழையைப்போல அவரே கண்டுபிடிக்கிறார். கணித மேதையின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான திருப்பம் கிடையாது.

மௌனராகம்_24:
காட்சி அருமைதான், ஆனால் அது நாஷின் அனுபவம் இல்லையே. நிஜத்தில் அவருக்குக் குரல்கள் கேட்டன, இப்படி ஆட்கள் தெரியவில்லை. மனச்சிதைவு நோயில் அதிகம் வருவதும் குரல்தான். படத்தில் ஏன் உடம்பு கொடுத்தார்கள் என்பது புரிகிறது: உருவமில்லாமல் குரல் மட்டும் வந்தால் இரண்டாவது நிமிடமே ரகசியம் உடைந்துவிடும். ஆனால் பார்க்கிறவர்கள் நோயே இப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைக்குக் கற்பனைத் தோழன் இருப்பது இயல்பு, நோய் அறிகுறி இல்லை. தனிமையில் தவிக்கும் நாயகனைக் காட்டும் படங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகின்றன.

நெகட்டிவ் ரோல்:
என்னை விடாமல் துரத்துவது 'ஃபைட் கிளப்' (1999) கார் விபத்து. ஓட்டியது டைலர், கதைசொல்லியின் கற்பனை நண்பன். கார் கவிழ்ந்த பிறகு பாருங்கள், ஓட்டுநர் இருக்கைப் பக்கத்திலிருந்து இழுத்து வெளியே எடுக்கப்படுவது கதைசொல்லி! அதைப் பற்றி யாரும் எதுவும் பேசுவதில்லை, காட்சி நகர்ந்துவிடுகிறது. டைலர் அறிமுகமாகும் முன்பே ஒரே ஒரு ஃபிரேம் அளவுக்குத் தலைகாட்டுவதும் உண்டு, அலுவலக ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு தடவை. நொடிக்கு 24 ஃபிரேமில் ஒன்று. கண் சிமிட்டினால் போச்சு.

எடிட் மேசை:
குறும்படம் எடுக்கிற தம்பிகள் இதைப் படித்தால் உதவும் என்று எழுதுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும்.

முதலில் ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: நண்பன் எதைத் தொடுகிறான், அவனிடம் யார் பேசுகிறார்கள், நாயகனுக்குத் தெரியாத எதையாவது சொல்கிறானா. ஒவ்வொரு காட்சிக்கும் நிரப்புங்கள். நண்பன் கதவைத் திறந்தால், அதே கதவை நாயகன் திறந்திருக்கவும் வழி இருக்க வேண்டும்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் துணை நடிகர்கள். தெருவில் நடப்பவர் முன்னால் நிஜமாகவே ஓர் ஆள் நிற்கிறாரே, தன்னையறியாமல் ஒதுங்கித்தான் போவார். போச்சு, உலகத்துக்கே அவன் தெரிகிறான்! நண்பனைச் சுவரோரமோ மேசைக்கு உள்பக்கமோ வையுங்கள், யாரும் சுற்றிப் போகத் தேவையில்லாதபடி.

பின்னால் 'அவன் அங்கே இல்லவே இல்லை' என்று காட்டும் ஷாட்டை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றாமல், லென்ஸ் மாற்றாமல், விளக்கை நகர்த்தாமல். மறுவாரம் வந்து எடுத்தால் நிழல் வேறு பக்கம் விழும்.

வெற்றிடத்தைப் பார்த்து நடிக்கும்போது பார்வை பின்சுவருக்கு ஓடிவிடும். நண்பனின் கண் உயரத்தில் ஒரு கம்பி நட்டு, நுனியில் துண்டு டேப் ஒட்டி, ஒத்திகையில் அதைப் பார்த்துப் பழகச் சொல்லுங்கள். டேக் போகும்முன் எடுத்துவிடலாம். நண்பன் உட்கார்ந்தால் டேப்பும் இறங்கணும். 'ஹார்வி' (1950) படத்தில் நாயகனின் கண்ணுக்குத் தெரியாத தோழனான முயலின் உயரம் இவ்வளவு என்று முடிவாகிவிட்டதால்தான் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நிமிர்ந்து பார்ப்பது நம்பும்படி இருக்கிறது. படம் நெடுக முயலை நேரில் காட்டுவதே இல்லை, ஓவியத்தில்தான் பார்க்கிறோம். ஆனாலும் பக்கத்தில் அதற்கு இடம்விட்டே ஃபிரேம் வைத்திருப்பார்கள்.

காலடிச் சத்தமும் முக்கியம். நாயகன் பார்வையில் சத்தம் உண்டு, அடுத்தவர் பார்வைக்கு வெட்டும்போது கிடையாது. கலந்துவிட்டால் பார்வையாளருக்கு ஏதோ இடிக்கும், என்னவென்று சொல்லத் தெரியாது.

கடைசி வரிசை:
அண்ணே, எல்லாம் சரி, ஆனால் ரகசியத்தை ஒளித்துவைத்தால்தான் படம் என்பதுபோல எழுதியிருக்கீங்க. 'லகே ரஹோ முன்னாபாய்' (2006) படத்தில் எதையும் ஒளிக்கவில்லை. மகாத்மா காந்தி நாயகன் முன்னாவுக்கு மட்டும் தெரிகிறார் என்பது நமக்கு ஆரம்பத்திலேயே தெரியும். ஆனாலும் மருத்துவர் எல்லோர் முன்னிலையிலும் காந்தியைப் பற்றிக் கேள்வி கேட்க, முன்னாவுக்கு விடை தெரியாதபோது காந்தியும் மௌனமாகிறாரே, அந்த இடத்தில் மனசு உடைந்துவிடும். நீங்கள் சொன்ன மூன்றாவது நெடுவரிசை அங்கே கதையாகவே மாறிவிட்டது.

எடிட் மேசை:
ஒப்புக்கொள்கிறேன் தம்பி. நான் எழுதியது ஒளிக்க நினைப்பவர்களுக்கு.

நெகட்டிவ் ரோல்:
வில்சனை விட்டுவிட்டீர்களே! 'காஸ்ட் அவே' (2000) படத்தில் தீவில் தனியாக மாட்டிக்கொண்ட நாயகன் நண்பனாக்கிக்கொள்ளும் கைப்பந்து. அதற்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. டாம் ஹாங்ஸ் ஏதோ சொல்லிவிட்டு நிறுத்துவார், எதையோ கேட்டதுபோல முகம் மாறும், அதற்குப் பதில் சொல்வார். வில்சன் என்ன சொன்னது என்பதை அந்த நிறுத்தத்தில் நாமே கேட்டுக்கொள்கிறோம். எடிட் மேசை சார், காட்சி இழுக்கிறது என்று முதலில் கத்தரி வைப்பது இந்த மாதிரி இடைவெளியில்தானே? உங்கள் பட்டியலில் இதையும் சேர்த்துவிடுங்கள்.