வியட்நாமில் ஒன்பது இரவுகள்: எந்த ஊர்களை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது?

வினா: பொன்னிக்கரை

அடுத்த ஆண்டு பெற்றோரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு வியட்நாம் செல்லலாம் என்றிருக்கிறேன். கையில் இருப்பவை ஒன்பது இரவுகள்தாம். ஹனோய், சாப்பா, ஹாலோங் விரிகுடா, நின் பின், ஹுவே, டா நாங், ஹோய் ஆன், டா லாட், ஹோ சி மின் நகரம், ஃபூ குவோக் தீவு என்று பத்துப் பெயர்களை எழுதி வைத்துவிட்டு, எதை அடிப்பது என்று தெரியாமல் விழிக்கிறேன். அப்பாவுக்கு 68 வயது. முழங்கால் வலி இருப்பதால் படியேறுவது சிரமம். அம்மா சைவம். அக்டோபர் பிற்பாதி, மார்ச் முற்பாதி ஆகிய இரண்டில் ஒன்றில்தான் எனக்கு விடுப்புக் கிடைக்கும். அப்பா கேட்பது ஒன்றே ஒன்று: மத்திய வியட்நாமை முற்காலத்தில் ஆண்ட சாம்பா அரசர்கள் கட்டிய சிவன் கோயில்களை அவர் பார்த்தாக வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி: ஊர்சுற்றி

ஐயா, முதலில் வரைபடத்தைப் பாருங்கள். வியட்நாம் ஒல்லியாக நீண்டு கிடக்கும் நாடு. ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை ரயில் பாதை மட்டும் 1,726 கிலோமீட்டர், முழுவதையும் ரயிலில் கடக்க ஒன்றரை நாள் ஆகும். தங்கும் ஊரை மாற்றும் ஒவ்வொரு முறையும், பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, விமான நிலையத்தில் காத்திருந்து, அடுத்த ஊரில் அறை கிடைக்கும் வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்து, குறைந்தது அரை நாளை இழப்பீர்கள். ஆகவே ஒன்பது இரவுக்கு மூன்று ஊர், மிஞ்சிப்போனால் நான்கு.

அப்பாவின் விருப்பமே உங்களுக்கு நல்ல அளவுகோல். அவர் சொல்லும் கோயில்கள் மீ சோனில் இருக்கின்றன. மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் நான்காம் நூற்றாண்டு முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை எழுந்த செங்கல் கோயில்கள் அவை; பத்ரவர்மன் என்ற அரசன் தன் பெயரோடு ஈசுவரனைச் சேர்த்து, பத்ரேசுவரர் என்று அங்கே இலிங்கம் நாட்டினான். 1969இல் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளில் பெரும்பகுதி சிதைந்துபோயிற்று. இந்தியத் தொல்லியல் துறையினர் சில தொகுதிகளைச் சீரமைத்தபோது, 2020இல் ஒரே மணற்கல்லில் செதுக்கிய ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று வெளிப்பட்டது. நுழைவாயிலிலிருந்து பேட்டரி வண்டி உண்டு. அதன் பிறகு நிதானமாக நடந்தால் போதும். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.

மீ சோனிலிருந்து ஹோய் ஆன் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்கே நான்கு இரவு தங்கினால், சாம்பா நாட்டுச் சிற்பங்களுக்கென்றே டா நாங்கில் இருக்கும் அருங்காட்சியகத்தையும் ஒரு முற்பகலில் பார்த்துவிடலாம். கோயிலைப் பார்த்த கையோடு சிலைகளைப் பார்க்காவிட்டால் பாதி பார்த்ததாகத்தான் ஆகும்.

அக்டோபரை மட்டும் மறந்துவிடுங்கள். மத்தியக் கடற்கரைக்கு அதுதான் அடைமழைக் காலம். நான் ஓர் அக்டோபர் இறுதியில் ஹோய் ஆனில் இருந்தபோது, இரவோடு இரவாக ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது. விடுதிப் பையன்கள் இருவர் குளிர்சாதனப் பெட்டியைக் கயிறு கட்டி மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் பதற்றமே இல்லை. பழைய வீடுகளின் சுவரில் எந்த ஆண்டு வெள்ளம் எதுவரை வந்தது என்று குறித்து வைத்திருப்பார்கள். அவற்றில் ஒன்று என் தலைக்கு மேலே இருந்தது.

மறுமொழி: மழைக்குருவி

மார்ச் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் வடக்கே அப்போது தூறலும் மூடுபனியும் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹாலோங் போய்ப் பனிக்குள் பாறைகளைத் தேடிவிட்டு வந்தவள் நான். அங்கே பெயர்பெற்ற குகைகளிலும் படிகள் அதிகம். அதற்குப் பதிலாக, ஹனோயிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் நின் பின்னுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புங்கள். அங்குள்ள சாங் ஆனில் துடுப்புப் படகில் உட்கார்ந்தபடியே இரண்டு மூன்று மணி நேரம் சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையிலும் குகைகளுக்குள்ளும் போய் வரலாம். வானம் மங்கலாக இருந்தால் அந்த இடம் இன்னும் அழகு. சாப்பாவுக்குச் சாலை வழியே ஐந்தாறு மணி நேரம் ஆகும். அதையும் டா லாட்டையும் ஃபூ குவோக்கையும் யோசிக்காமல் அடித்துவிடுங்கள்; கடலும் குளிர்ந்த மலையும் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கின்றன.

அம்மாவுக்கு ஒரு சொல் கற்றுக்கொடுங்கள்: 'சாய்'. உணவகப் பலகையில் அந்தச் சொல் இருந்தால் அது சைவக் கடை. மற்ற இடங்களில் 'காய்கறி மட்டும்' என்று கேட்டு வாங்கினாலும், மீனிலிருந்து எடுக்கும் நுவோக் மாம் என்ற சாறு அதில் சேர்ந்திருக்கக்கூடும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் பௌத்தர்கள் பலர் சைவம் உண்பார்கள். அந்நாட்களில் தேட வேண்டிய அவசியமே இராது. பௌர்ணமிக்கு முந்தைய இரவு ஹோய் ஆனில் மின்விளக்குகளைக் குறைத்து, காகித விளக்குகளை ஏற்றி வைப்பார்கள். தேதியைப் பஞ்சாங்கம் பார்த்து முடிவு செய்யுங்கள். இங்கே நம் பஞ்சாங்கமே உதவும்.

வினா எழுதியவர்: பொன்னிக்கரை

இருவருக்கும் நன்றி. மார்ச் என்று முடிவு செய்துவிட்டோம். ஹனோயில் இறங்கி மூன்று இரவு, ஹோய் ஆனில் நான்கு, ஹோ சி மின் நகரத்தில் இரண்டு. அங்கிருந்தே ஊர் திரும்புவது. ஹுவேயை விடுவதற்குத்தான் மனம் வரவில்லை. 1802 முதல் 1945 வரை நுயென் அரசர்களின் தலைநகரமாக இருந்த ஊர் ஆயிற்றே!

மறுமொழி: ஊர்சுற்றி

விட வேண்டாம். ஹோய் ஆனில் ஓர் இரவைக் குறைத்து ஹுவேக்குக் கொடுங்கள். ஹனோயிலிருந்து ஹுவேக்கு விமானம். மறுநாள் பிற்பகல் அங்கிருந்து டா நாங்குக்கு ரயில். நூறு கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும் வண்டிதான், ஆனால் ஹாய் வான் கணவாயில் மலையை ஒட்டிக் கடலோரமாக ஊர்ந்து போகும்போது இன்னும் மெதுவாகப் போகக்கூடாதா என்று தோன்றும். கடல் இடப்பக்கம் வரும். அப்பாவுக்கு அந்தப் பக்க ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து எடுங்கள்.

ஹோ சி மின் நகரத்துக்கு இரண்டு இரவு போதும். பென் தான் சந்தைக்கு அருகில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கே ஊதுபத்தி ஏற்றி வேண்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். அம்மாவை ஒரு காலை வேளையில் அழைத்துச் செல்லுங்கள்.