மறு: ஃபிஷிங் – ‘தூண்டிலிடல்’ போதுமா?

> ‘தூண்டிலிடல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே ஐயா, புதுச்சொல் எதற்கு?

வணக்கம் அம்மா.

ஃபிஷிங், அதாவது நம்பகமானவர்போல் நடித்து இணையத்திலும் தொலைபேசியிலும் கடவுச்சொல்லையும் பணத்தையும் பறிப்பதற்கு, ‘தூண்டிலிடல்’ புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் தூண்டில் என்றதும் இரையும் ஆசையும்தான் மனசுக்கு வரும். பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் மின்னஞ்சலுக்கு அது பொருந்தும். 2022-இல் சென்னையில் பலருக்கும் வந்த ஈ.பி. குறுஞ்செய்தியில் என்ன ஆசை? போன மாத பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். முழுக்கப் பயம். கூப்பிட்டால் ‘அதிகாரி’ நிதானமாகப் பேசி, நம் திரையை அவருக்குக் காட்டும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார். அப்புறம் பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொல்வார். நாம் தட்டும் அட்டை எண், வந்து விழும் ஓடிபி எல்லாம் அவர் கண்முன்னே ஓடும்.

ஆசையோ பயமோ, இரண்டுக்கும் அடியில் இருப்பது வேடம். 1990-களில் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்தின் ஊழியர்போல் நடித்துக் கடவுச்சொல் கேட்டவர்களும் இதைத்தான் செய்தார்கள். பெரியபுராணத்தில், அடியார்களை வணங்கும் மன்னர் மெய்ப்பொருள் நாயனாரிடம் சிவனடியார் வேடத்தில் போன பகை மன்னன் முத்தநாதன் ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை ஒளித்து வைத்திருந்தான். இன்றைய மின்னஞ்சல் இணைப்புக் கோப்பும் அதே வேலையைச் செய்கிறது.

எனவே என் பரிந்துரை ‘வேடத்திருட்டு’. கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வரும்: வேடத்தளம், வேட மின்னஞ்சல், ஒருவரைக் குறிவைத்து நடத்தினால் குறிவேடத் திருட்டு. ‘ஆள்மாறாட்டம்’ என்று இன்னொரு நண்பர் சொன்னார். அது பரீட்சை எழுதுவதிலிருந்து பத்திரப்பதிவு வரை பரந்து கிடக்கிற சொல். திருட்டு அதில் தெரியவில்லை.

தற்காப்பைச் சொல்லிக்கொடுக்கவும் இந்தச் சொல் உதவும் என்று நம்புகிறேன். வேடம் என்றால் முகத்தைச் சரிபார்க்க வேண்டும். செய்தியில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பழைய பில்லில் அச்சிட்ட எண்ணுக்குக் கூப்பிடலாம். கடவுச்சொற்களைச் சேமித்து வைத்து நிரப்பித் தரும் கடவுச்சொல் மேலாளர் செயலி, முகவரியில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் தானாக நிரப்பாது. நம் கண் ஏமாறும் இடத்தில் அது ஏமாறுவதில்லை. பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைபேசியிலோ கணினியிலோ இருக்கும் மின்னணுச் சாவி) இன்னும் உறுதியானது, உண்மையான தளத்தில் மட்டுமே வேலை செய்யும். ஓடிபி-க்கு அந்தப் பலம் கிடையாது. வேடத்தளத்தில் தட்டினால் அடுத்த நொடியே திருடன் கைவழியாக அசல் தளத்துக்குப் போய்விடும்.

சொற்பட்டியலில் விளக்கத்தோடு இணையப் பண மோசடியைப் புகார் செய்யும் 1930 உதவி எண்ணையும் சேர்க்கலாமா? பணம் போனதும் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அவ்வளவுக்கு அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ‘குறிவேடம்’ காதுக்கு உறுத்தினால் மாற்று சொல்லுங்கள். கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேரை அடுத்த இழையில் எடுப்போம்.