மலைக் கிராமத்துக்கு பைக் ஆம்புலன்ஸ் வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கல்வராயன்_பையன்:

எங்கள் ஊர் கல்வராயன் மலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. தார்ச்சாலை வரைக்கும் 108 வந்துவிடும். அங்கிருந்து ஊருக்கு மண்பாதை, நடுவில் இரண்டு ஓடை, கடைசிப் பகுதி பாறையும் சரிவும். யாருக்கு முடியாமல் போனாலும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டுதான் இறங்குகிறோம்.

வெளியூரில் வேலை பார்க்கும் பசங்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறார்கள். பைக்கின் பக்கவாட்டில் தொட்டி மாதிரி வைத்து, அதில் ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகிற வண்டியை வீடியோவில் பார்த்தோம். அதைச் செய்து வாங்கிவிடலாம் என்கிறார்கள் பாதிப்பேர். சென்னையில் ஓடுகிற 108 பைக் மாதிரி ஒன்று போதும் என்கிறார்கள் மீதிப்பேர். பிரசவம், பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது, இந்த மூன்றும்தான் எங்களுக்கு அதிகம். எது சரிவரும்? இரண்டுமே வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள்.

பழைய_இஎம்டி:

தம்பி, நான் சென்னையில் 108 பைக்கில் இ.எம்.டி.யாக, அதாவது அவசர மருத்துவ உதவியாளராக இருந்தவன். அந்த வண்டி எதற்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் பணத்தைப் போட்டால் வண்டி ஒரு வருடத்தில் கொட்டகையில் நிற்கும்.

அந்த பைக்கில் நோயாளியை ஏற்றவே முடியாது. பின்னால் இருப்பது பெட்டி. அதற்குள் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், பி.பி. பார்க்கிற கருவி, சர்க்கரை பார்க்கிற கருவி, பல்ஸ் ஆக்சிமீட்டர், கட்டுப்போடும் சாமான், சில ஊசி மருந்து. ஓட்டுகிறவரே இ.எம்.டி. ரங்கநாதன் தெருவில் ஒருவர் மயங்கி விழுந்தால் பெரிய வண்டி உஸ்மான் சாலையிலேயே மாட்டிக்கொள்ளும். பைக்கில் வந்தவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே உள்ளே போய்விடுவார். சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடக்கிறவருக்கு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினால், வேன் வருவதற்குள் எழுந்து உட்கார்ந்து பெயர் சொல்வார். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் அந்த வண்டி.

உலகம் முழுக்க நகரங்களில் இதே கணக்குதான். லண்டனில் 2000-ஆம் ஆண்டு டாம் லிஞ்ச் என்ற பாராமெடிக் மிதிவண்டியிலேயே இதை ஆரம்பித்தார். பி.எம்.எக்ஸ். சைக்கிள் பந்தயக்காரர் அவர். நீல விளக்கு, சைரன், இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற கருவி எல்லாம் சைக்கிளிலேயே இருக்கும். ஹீத்ரோ விமான நிலையத்துக்குள்ளும் அந்தச் சைக்கிள்கள் வந்தன. இதயம் நின்றவருக்கு ஷாக் கொடுப்பது ஒவ்வொரு நிமிடம் தாமதமாகும்போதும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. அந்த இடத்தில் சைக்கிள் வேனை ஜெயிக்கும். ஆனால் எல்லா இடத்திலும் பின்னாலேயே பெரிய வண்டி ஒன்று வரும் என்ற நம்பிக்கையில்தான் இந்தச் சின்ன வண்டி கிளம்புகிறது. நம் நாட்டு ஆம்புலன்ஸ் விதியான ஏ.ஐ.எஸ். 125-லும் இதற்குத் தனி வகை இருக்கிறது. 'ஏ' வகை என்பார்கள். போய்ச் சிகிச்சை கொடுக்கலாம், நோயாளியை ஏற்றக்கூடாது.

உங்கள் ஊருக்குப் பின்னால் வருகிற வண்டி கிடையாது. பெட்டியைத் திறந்து வேலை செய்யப் பயிற்சி பெற்ற ஆளும் ஊரில் தங்கியிருக்க மாட்டார். ஆகவே சென்னை மாதிரி வேண்டாம்.

அப்புறம் அந்தப் பக்கத் தொட்டி வண்டி. அதைக் கேலியாக நினைக்காதீர்கள், நல்ல வேலை செய்திருக்கிற வண்டி அது. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டு மங்கோச்சி மாவட்டத்தில் பிரசவச் சிக்கல் வந்த பெண்களைச் சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோக இதை வைத்துப் பார்த்தார்கள். இடத்தைப் பொறுத்து 2 முதல் 4.5 மணி நேரம் வரை தாமதம் குறைந்தது. கார் ஆம்புலன்ஸ் விலையில் பத்தொன்பதில் ஒரு பங்குதான் வண்டியின் விலை. ஆனால் அங்கே ஓடியது வண்டிப் பாதையில். மூன்று சக்கரம் போக அகலம் வேண்டும். நீங்கள் சொல்கிற சரிவில் ஒரு பக்கம் தூக்கினாலே தொட்டி கவிழும், உள்ளே பட்டை போட்டுக் கட்டின நோயாளி இருப்பார். ஓடையில் தண்ணீர் வந்தால் தொட்டிக்குள்தான் முதலில் போகும். லேத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்வதானால் இன்னொரு விஷயம்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றக்கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பாதை இல்லாத காட்டுக்கென்று 2021-இல் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. 'ரக்‌ஷிதா' என்ற பைக்கை துணை ராணுவப் படையான சி.ஆர்.பி.எஃப்.புக்குச் செய்து கொடுத்தது. 350 சி.சி. ராயல் என்ஃபீல்டு, பின்னால் சாய்வு இருக்கை, தலை ஆடாமல் பிடிக்கிற அமைப்பு, உடம்புக்குப் பட்டை, கால் வைக்க இடம். உங்கள் பாதைக்கு நெருங்கி வருவது அந்த யோசனைதான், பக்கத் தொட்டி இல்லை.

ஜல்பைகுரி_தமிழன்:

நான் வடக்கு வங்காளத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே கரீமுல் ஹக் என்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளியைத் தெரியாதவர் கிடையாது. 1995-இல் வண்டி கிடைக்காமல் அவர் அம்மா இறந்துபோனார். பிறகு உடன் வேலை பார்த்தவர் சரிந்து விழுந்தபோது, அவரைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பைக்கிலேயே ஜல்பைகுரி மருத்துவமனைக்குப் போனார். அதிலிருந்து அதுவே அவர் வாழ்க்கையாகிவிட்டது. 2017-இல் பத்மஸ்ரீ. சாதாரண பைக்தான் தம்பி, விசேஷமாக ஒன்றும் இல்லை.

விஎச்என்_சரஸ்வதி:

கிராம சுகாதார செவிலியராக மலைப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இ.எம்.டி. தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் பேச்சு வண்டியோடு நின்றுவிடக்கூடாது.

பாம்புக்கடிக்கு நேபாளத்தில் டமக் பக்கத்துக் கிராமங்களில் செய்ததைப் பாருங்கள். புது வண்டி எதுவும் வாங்கவில்லை. ஊரில் பைக் வைத்திருந்தவர்களையே தொண்டர்களாகச் சேர்த்தார்கள். கடிபட்டவரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு, நேராகச் சிகிச்சை மையத்துக்கு. கூடவே என்ன செய்யவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று வீடு வீடாகச் சொன்னார்கள். கடிபட்டவர்களில் இறப்பு 10.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக இறங்கியது. 2013-இல் வெளியான ஆய்வு அது. எனக்கு அதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் நம்மிடமும் பைக் இருக்கிறது, பசங்கள் இருக்கிறார்கள், மருந்தும் இருக்கிறது.

பின்னால் பிடிக்கிறவர் முக்கியம். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் இருந்து, கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், கழுத்து நிற்காது. தனியாக உட்காரவைத்தால் விழுந்துவிடுவார். கடித்த கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டுங்கள், இறுக்கிக் கயிறு போடாதீர்கள், கீறாதீர்கள். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்தும் இரவில் டாக்டரும் இருக்கிறார்கள் என்பதை முன்பே கேட்டு எழுதி வையுங்கள். பைக்கில் மூன்று பேர் போவது பிரிவு 128-ன்படி குற்றம், அதனால் காவல் நிலையத்தில் ஊர்ப் பெரியவர்களோடு போய் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பிரசவத்துக்கு பைக்கை நம்பவே வேண்டாம். வலி வந்த பெண்ணை அந்தப் பாறையில் குலுக்கிக்கொண்டு போவது கொடுமை. பிள்ளை பிறந்த பிறகு உதிரம் நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். மலைப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை இருக்கிறது. தேதிக்கு முன்பே போய்த் தங்கலாம், துணைக்கு ஒருவரும் இருக்கலாம். நிறைய பேர் போகாததற்குக் காரணம் வீட்டில் மற்ற பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் யார் பார்ப்பது என்பதுதான். பணம் திரட்டிய உங்கள் பசங்கள் அதைப் பார்த்துக்கொண்டால் ஆம்புலன்ஸைவிடப் பெரிய உதவி.

கல்வராயன்_பையன்:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. ஊரில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஓடை தாண்டி ஓட்டத் தெரிந்தவர்களாகப் பார்த்து ஒரு பட்டியல் போட ஆரம்பித்துவிட்டோம். மரத்திலிருந்து விழுந்தவருக்கு மட்டும் என்ன செய்வது? அவரையும் நடுவில் உட்காரவைக்கலாமா?

பழைய_இஎம்டி:

கூடாது தம்பி. முதுகெலும்பு அடிபட்டிருந்தால் உட்காரவைத்த நிமிடமே கால் போய்விடலாம். அவருக்கு டோலியும் வேண்டாம், துணி நடுவில் தொய்ந்து முதுகை வளைத்துவிடும். முதுகு வளையாமல் படுக்கவைத்துத் தூக்குகிற பலகை, ஸ்பைன் போர்டு என்பார்கள், அது ஒன்று வாங்குங்கள், கழுத்துப்பட்டை இரண்டு அளவில், கட்டுவதற்குப் பட்டைகள், மழைக்கு ஒரு தார்ப்பாய். உங்கள் பணத்தில் தாராளமாக முடியும். ஆறு பேர் தோள் மாற்றித் தூக்கி இறங்குங்கள், விழுந்த இடத்திலிருந்தே 108-க்கு போன் போட்டு, வண்டியைத் தார்ச்சாலையில் காத்திருக்கச் சொல்லுங்கள். ஆளைப் புரட்டிப் பலகையில் ஏற்றுவதை மட்டும் பயிற்சி இல்லாமல் செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வந்து சொல்லித் தருகிறேன். குறைந்தது பத்துப் பேர் இருக்கட்டும், பெண்களும் வரட்டும். பகலில் ஆண்கள் காட்டுக்குப் போய்விட்டால் ஊரில் இருக்கப்போவது அவர்கள்தான்.