சிறுநீர் கல்ச்சரில் ஒன்றும் இல்லை, எரிச்சல் மட்டும் நிற்கவில்லை: கிளமிடியாவா?

கேள்வி

ஆணுறை இல்லாத உறவுக்குப் பத்து நாள் கழித்து, சிறுநீர் போகும்போது எரிச்சல். காலையில் எழுந்ததும் ஆண்குறி நுனியில் கலங்கலாக, பிசுபிசுப்பாக ஒரு சொட்டு. உள்ளாடையில் கறை. காய்ச்சல் இல்லை, விரையில் வலி இல்லை. சிறுநீர் கல்ச்சரில் எந்தக் கிருமியும் வளரவில்லை. கையில் இருந்த சிப்ரோஃப்ளாக்சசின் ஆன்டிபயாடிக் மாத்திரை மூன்று நாள் போட்டதில் பாதி குறைந்து, நிறுத்தியதும் திரும்பிவிட்டது. இது வெறும் நீர்க்கடுப்பா? உறவில் பரவும் கிளமிடியா கிருமி என்றால் கல்ச்சரில் தெரிந்திருக்காதா? துணைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, அவருக்கும் மருந்து வேண்டுமா?

பதில் 1

கல்ச்சரில் தெரியாது. கிளமிடியா நம் உடலின் உயிரணுவுக்குள் புகுந்து அங்கேதான் பெருகும். சாதாரண கல்ச்சர் தட்டில் வளரவே வளராது. போதாததற்கு, கல்ச்சருக்கு முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடிக்கச் சொல்வார்கள். கிருமி ஒட்டியிருப்பதோ சிறுநீர்க்குழாயின் உட்சுவரில். அதை அடித்துக்கொண்டு வருவது அந்த முதல் பீச்சல்தான், அதைத்தான் கழிப்பறையில் விட்டிருப்பீர்கள். இந்த ஒரு குழப்பத்தால் எத்தனையோ பேர் 'நோய் இல்லை' என்று நம்பிவிடுகிறார்கள்.

கேட்க வேண்டியது கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் வகைச் சோதனை. ஒரே மாதிரியில் கிளமிடியா, அதேபோல் உறவில் பரவும் கொனோரியா இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரி எடுக்குமுன் குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருங்கள். நுனியைக் கழுவ வேண்டாம். ஆரம்பத்தில் வரும் 20 முதல் 30 மில்லி மட்டும் டப்பாவில். நிரம்பப் பிடித்தால் நீர்த்துப்போய்க் கிருமி சிக்காமல் போகலாம். வாய்வழி, ஆசனவாய் வழி உறவும் இருந்தால் தொண்டையிலும் மலக்குடலிலும் தனியாகப் பஞ்சுக்குச்சி மாதிரி எடுக்க வேண்டும், சிறுநீரில் அது தெரியாது.

சிப்ரோ போட்டதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கிளமிடியாவுக்கு அது நம்பத்தக்க மருந்தல்ல. கொனோரியாவோ அதற்குப் பெருமளவு பழகிவிட்டது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2007லேயே கொனோரியா சிகிச்சையிலிருந்து அந்த வகை மருந்துகளை நீக்கிவிட்டது.

பதில் 2

நீங்கள் சொல்லும் கணக்கு கிளமிடியாவுக்குப் பொருந்துகிறது. பெரும்பாலும் 7 முதல் 21 நாளில் தெரியவரும். கசிவு மெல்லியதாக, வெண்மையாக அல்லது கலங்கலாக இருக்கும். கொனோரியா என்றால் பொதுவாக 2 முதல் 7 நாளுக்குள், மஞ்சள் அல்லது பச்சை நிறச் சீழ் கெட்டியாக வடியும், எரிச்சலும் கடுமை. ஆனால் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. இரண்டும் சேர்ந்தும் வரும். இதைத் 'தாது போகிறது' என்று நினைத்து அதற்கு மருந்து தேடுவோரும் உண்டு. கிளர்ச்சியின்போது வரும் நிறமற்ற வழவழப்பு இயல்பானது. சும்மா இருக்கும்போது எரிச்சலோடு கசிவது தொற்று.

கிளமிடியாவுக்கு முதல் தேர்வு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், 7 நாள். மொத்தம் 14 மாத்திரை. சில நாளிலேயே எரிச்சல் குறைந்துவிடும், அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. அதை எடுக்க முடியாதவர்களுக்கு அஸித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளையாக. மலக்குடல் தொற்றில் அது அவ்வளவு நன்றாக வேலை செய்யாது. கொனோரியா இருந்தால் செஃப்ட்ரியாக்ஸோன் 500 மில்லிகிராம் தசையில் ஒரே ஊசி. கிளமிடியா இல்லை என்று உறுதியாகாதவரை கூடவே டாக்ஸிசைக்ளினும். ஒவ்வாமை, மற்ற மருந்துகள் எல்லாம் பார்த்து மருத்துவர் எழுதித் தர வேண்டியவை இவை.

ஒரு பக்க விரை மெல்ல வீங்கி வலித்தால் தொற்று விரைமேல் நாளத்துக்கு ஏறியிருக்கிறது, மருந்து நாள் கூடும். திடீரென்று தாங்க முடியாத வலி என்றால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் அறுவை தேவைப்படும், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேட்டவர்

டாக்ஸிசைக்ளின் நெஞ்செரிச்சல் தரும் என்கிறார்களே, பாலோடு போடலாமா?

பதில் 3

பால் வேண்டாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, அமில நீக்கி மருந்து எல்லாமே டாக்ஸிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாது. இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி எடுங்கள். சாப்பிட்டுவிட்டு ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்தே இருங்கள். படுக்கப் போகும் நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும், நெஞ்செரிச்சலுக்கு அதுதான் முக்கியக் காரணம். அந்த வாரம் கடும் வெயிலையும் தவிர்க்கவும், தோல் எளிதில் வெந்துவிடும்.

துணைக்கு: ஆம், கட்டாயம். பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது, ஆனால் கருக்குழாய் வரை ஏறிக் குழந்தைப்பேற்றையே பாதிக்கலாம். கடந்த 60 நாளில் உறவு கொண்ட எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். கர்ப்பமாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் கூடாது, அஸித்ரோமைசின்தான். இருவரும் மருந்தை முடிக்கும்வரை உறவு வேண்டாம். ஒரே வேளை மருந்து எடுத்தவர் அதன்பின் 7 நாள் பொறுக்க வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் அது திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

கசிவு இருக்கிறதா என்று அடிக்கடி பிதுக்கிப் பார்க்காதீர்கள், அதுவே எரிச்சலை நீட்டிக்கும். ஒழுங்காக முடித்தும் நிற்காவிட்டால் உறவில் பரவும் வேறு கிருமிகளான மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம், டிரைக்கோமோனாஸ் இரண்டுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். முதலாவதுக்கு டாக்ஸிசைக்ளினைத் தொடர்ந்து மாக்ஸிஃப்ளாக்சசின் 7 நாள் தருவது வழக்கம்.

பதில் 1

ஒரு சேர்க்கை. மருந்து முடிந்து 4 வாரத்துக்குள் பிசிஆர் செய்யாதீர்கள், செத்த கிருமியின் மரபணுவே 'இருக்கிறது' என்று காட்டிவிடும். மறு சோதனை 3 மாதத்தில். எச்ஐவி, சிபிலிஸ் ரத்தச் சோதனையை இப்போது ஒருமுறை செய்துவிட்டு, அந்த 3 மாதச் சோதனையோடு சேர்த்து மறுபடியும் செய்துகொள்ளுங்கள். உறவு நடந்து சில நாளிலேயே எடுத்தால் தொற்று இருந்தும் தெரியாமல் போகும்.