சீதனக் காணி விக்கப் புருசன்ர கையெழுத்து வேணுமாம், உண்மையோ?

கோண்டாவில்காரி:
வணக்கம். அம்மா அப்பா சீதனமா என்ர பேரில நன்கொடை உறுதி எழுதித் தந்த ரெண்டு பரப்புக் காணி ஒண்டு கிடக்கு, மகளின்ர படிப்புக்கு விப்பமெண்டு நொத்தாரிஸிட்டப் போனா அவர் உறுதியைப் பிரட்டிப் பிரட்டிப் பாத்திட்டு புருசன்ர எழுத்துச் சம்மதம் இல்லாம எழுதேலாது எண்டுறார். மனுசன் ஃபிரான்ஸுக்குப் போய்க் கனகாலம், காசுமில்லை கதையுமில்லை. என்னோட வேலை செய்யிற காலிப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை போன வருசம் தன்ர காணியை ஆரையும் கேக்காம வித்தவ. எனக்கு மட்டும் ஏன் உந்தச் சட்டம்?

வடலி:
அக்கா, நொத்தாரிஸ் சொன்னது சரிதான். எங்களுக்குத் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம், அதோட 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம். காணி உங்கட தனிச்சொத்து, அவர் பட்ட கடனுக்கு அதைப் பிடிக்கேலாது, ஆனா நீங்கள் உயிரோட இருக்கேக்க விக்கவோ ஈடு வைக்கவோ அவற்ற எழுத்துச் சம்மதம் வேணும். நகை, பாங்க் காசெண்டா வேண்டாம். அந்தச் சிங்களப் பிள்ளைக்கு 1923ஆம் ஆண்டு விவாகமான பெண்களின்ர ஆதனச் சட்டம், அதில புருசனைக் கேக்கத் தேவையில்லை. இதில பகிடி என்னெண்டா, அவர் தாய்தகப்பன் வழியில வந்த தன்ர முதுசக் காணியை விக்க உங்களைக் கேக்கத் தேவையே இல்லை!

பழைய சைக்கிள்:
சீதனமெண்டா மாப்பிள்ளைக்குக் குடுத்ததெல்லோ, பிறகென்ன உங்கட சொத்து?

கச்சேரியடி:
அண்ணை உது பிழை, சீதனம் பொம்பிளையின்ர சொத்துத்தான். நீங்கள் தேடியதேட்டத்தோட போட்டுக் குழப்புறியள், அதுதான் கலியாணத்துக்குப் பிறகு உழைச்சுத் தேடினது, ஒராள் செத்தா பாதி மற்றாளுக்கும் பாதி செத்தவரின்ர உரித்தாளருக்கும்.

அக்கா, கையெழுத்துக்காக அவருக்குப் பின்னால திரியாதேங்கோ. விட்டிட்டுப் போனவர், பிரிஞ்சிருக்கிறவர், எங்க இருக்கிறாரெண்டே தெரியாதவர், சும்மா வீம்புக்கு மாட்டனெண்டு நிக்கிறவர், இப்பிடியான ஆக்களின்ர சம்மதத்துக்குப் பதிலா மாவட்ட நீதிமன்றம் அனுமதி தரலாம், அந்த 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலயே இருக்கு. உறுதியையும் விவாகப் பதிவையும் கொண்டுபோய் ஒரு லோயரோட கதையுங்கோ. அவர் காசு அனுப்பாததைக் காட்ட பாங்க் புத்தகமும் கொண்டுபோங்கோ, உதவும்.

கோண்டாவில்காரி:
நன்றி. அப்ப விக்காம மகளுக்கே நன்கொடையா எழுதினா?

கச்சேரியடி:
அதுக்கும் வேணும் அக்கா. செத்தபிறகு சேரட்டுமெண்டு மரணசாதனத்தில (உயிலில) எழுதினா மட்டும்தான் அவற்ற சம்மதம் தேவையில்லை, ஆனா மகளின்ர படிப்புக் காசுக்கு அது உதவாதே.