பாஸ்க் கடற்கரையில் கார் பயணம்: பில்பாவோவிலிருந்து பியாரிட்ஸ் வரை, இந்தத் திட்டம் தேறுமா?

கோவைவாசி:
எல்லோருக்கும் வணக்கம். மே கடைசியில் குடும்பத்தோடு ஸ்பெயின் கிளம்புகிறோம். நான், மனைவி, ஆறு வயது மகள், அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம் வேறு. பார்சிலோனா கூட்டமெல்லாம் வேண்டாம் என்று வடக்கே பாஸ்க் கடற்கரையைப் பிடித்திருக்கிறோம்.

ஞாயிறு மதியம் பில்பாவோ விமான நிலையத்திலேயே கார் எடுத்து, பழைய நகரத்துக்குள் இரண்டு இரவு. திங்கள் குகன்ஹைம் அருங்காட்சியகம். செவ்வாய் கஸ்தெலுகாட்ஸே, பெர்மியோ, கெர்னிகா, லெகெய்த்தியோ, சுமாயா, கெத்தாரியா பார்த்துக்கொண்டே இரவுக்குள் சான் செபாஸ்தியான் போய் மூன்று இரவு. பிறகு பியாரிட்ஸில் காரை விட்டுவிட்டு ரயிலில் பாரிஸ்.

சிக்கல் என்னவென்றால், பியாரிட்ஸில் காரை விடக் கேட்கும் தொகை மொத்த வாடகையையே தாண்டுகிறது. சான் செபாஸ்தியானில் அறை தருபவர் "வாசல் வரைக்கும் கார் வராது" என்கிறார். வலது பக்கம் ஓட்டியும் எனக்குப் பழக்கமில்லை. அறைகளை இப்போதைக்கு ரத்து செய்யலாம். எதை மாற்றுவது?

மீனா_துலூஸ்:
காரை எல்லை தாண்டவே விடாதீர்கள். ஸ்பெயின் காரை பிரான்ஸில் விட்டால் யாராவது அதைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தச் செலவைத்தான் உங்கள் தலையில் கட்டுகிறார்கள். சான் செபாஸ்தியானிலேயே ஒப்படைத்துவிடுங்கள். ஒரே நாட்டுக்குள் என்றால் கட்டணம் வெகுவாகக் குறையும்.

அங்கிருந்து அந்தாய் என்ற பிரெஞ்சு எல்லை ஊர் வரை யூஸ்கோட்ரென் என்ற உள்ளூர் ரயில் ஓடுகிறது. ஊர்க்காரர்கள் அதை 'தோப்போ' என்பார்கள். முக்கால் மணி நேரம்கூட ஆகாது. இறங்கினால் பக்கத்திலேயே பிரெஞ்சு ரயில் நிலையம். பாரிஸ் போகும் டிஜிவி அதிவேக ரயில் அங்கிருந்துதான் கிளம்பி, சேன் ஜான் த லூஸ், பியாரிட்ஸ், பயோன் வழியாகப் போகிறது. எல்லையில் போலீஸ் ஏறிப் பார்ப்பதுண்டு, பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டாதீர்கள்.

பியாரிட்ஸுக்குப் பதில் சேன் ஜான் த லூஸில் ஒரு இரவு தங்கலாம். பியாரிட்ஸ் மேடும் பள்ளமுமான ஊர், அலையும் முரட்டு அலை. சேன் ஜான் த லூஸில் வளைகுடா வாயிலில் தடுப்புச் சுவர்கள் இருப்பதால் தண்ணீர் சாதுவாக இருக்கும், குழந்தைக்கு நல்லது. கடலோர நடைபாதை சமதளம், அம்மாவுக்கும் சரி. 1660-இல் பதினான்காம் லூயிக்குத் திருமணம் நடந்த தேவாலயமும் அங்கேதான்.

பில்பாவோ_மாணவன்:
அண்ணே, மே மாசம் திங்கட்கிழமை குகன்ஹைம் லீவு! கோடை சீசன்ல மட்டும்தான் திங்களும் திறப்பாங்க. வாசல்ல இருக்கிற பூ நாய்க்குட்டியை மட்டும் பார்த்துட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மாத்திப் போடுங்க. திங்கள் கெர்னிகா, செவ்வாய் குகன்ஹைம். கெர்னிகாவுல திங்கள்தான் சந்தை. 1937 ஏப்ரல் 26-ம் தேதி, உள்நாட்டுப் போர் சமயத்துல, ஊர் மேல விமானத்துலேர்ந்து குண்டு போட்டதும் ஒரு திங்கள், சந்தை நாள். அந்தச் சந்தை இன்னிக்கும் திங்கள்லதான் கூடுது. பாட்டிமார் தோட்டத்துப் பச்சை மிளகாயும் பீன்ஸும் பரப்பி வெச்சிருப்பாங்க, அம்மாவுக்கு கண்டிப்பா பிடிக்கும். பாஸ்க் சபை கூடின ஓக் மரத்தையும் பாருங்க. இப்ப நிக்கிறது 2015-ல நட்டது, பழைய மரத்தோட அடித்தண்டை மட்டும் தனியா தூண் மண்டபத்துக்குள்ள வெச்சிருக்காங்க. அமைதி அருங்காட்சியகம் மட்டும் திங்கள்ல கிடையாது.

கெர்னிகாவுக்கு பில்பாவோவிலிருந்து நேர் ரயில் இருக்கு, கார் வேண்டாம். ஞாயிறே கார் எடுக்கிறது வீண் செலவு. பழைய நகரம் நடைபாதைப் பகுதி. ஊர் முழுக்க 30 கிலோமீட்டர் வேகம்தான். 2024 ஜூன்லேர்ந்து மையப்பகுதியில புகைக் கட்டுப்பாட்டு மண்டலம் வேற. வாடகை கார் புதுசாத்தான் இருக்கும், உள்ளே விடுவாங்க. ஆனா நிறுத்துற காசு தண்டம். புதன் காலைல பஸ்ல விமான நிலையம் போய் எடுங்க. அங்கிருந்து ஊருக்குள்ள நுழையாமலே கடற்கரைப் பக்கம் போயிடலாம்.

கோவைவாசி:
மீனா அக்கா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. திங்கள் விஷயம் தெரியாமல் போயிருந்தால் வீட்டில் பேச்சு வாங்கியிருப்பேன். அப்படியானால் மற்ற ஊர்களை புதன் ஒரே நாளில் முடிக்கலாமா? வரைபடத்தில் நூறு கிலோமீட்டர்தானே காட்டுகிறது?

மீனா_துலூஸ்:
அந்த நூறு ஏபி-8 சுங்க நெடுஞ்சாலைக் கணக்கு. அதில் ஒன்றேகால் மணியில் சான் செபாஸ்தியான் வந்துவிடும், ஆனால் கடலே கண்ணில் படாது. கரையோரச் சாலை மலை விளிம்பில் வளைந்து வளைந்து போகும், ஒவ்வொரு ஊரிலும் இறங்கி ஏறும். முன்னால் ஒரு டிராக்டர் மாட்டினால் அவ்வளவுதான். பின் இருக்கையில் குழந்தை இருக்கிறாள், வாந்தி மாத்திரையும் கணக்கில் சேருங்கள்.

அதனால் சான் செபாஸ்தியான் அறையை விட்டுவிட்டு, அதற்கு முன்னாலேயே வரும் கடலோர ஊரான சாராவுட்ஸில் தங்குங்கள். வண்டி நிறுத்த இடத்தோடு வீடு கிடைக்கும். பழைய நகரத்தில் காரை வைத்துக்கொண்டு தினமும் இடம் தேடுவதைவிட, சாராவுட்ஸிலிருந்து ரயிலில் சான் செபாஸ்தியான் போய் வருவது எவ்வளவோ மேல். கார் சின்ன ஊர்களுக்கு மட்டும்.

புதன் கஸ்தெலுகாட்ஸே, பெர்மியோ, லெகெய்த்தியோ போதும். கஸ்தெலுகாட்ஸே பாறைத் தீவுக்கு 241 படி. அதற்கு முன் சாலையிலிருந்து செங்குத்தாக இறங்க வேண்டும், திரும்பும்போது அதையே ஏற வேண்டும். அம்மாவை அங்கே நடத்தாதீர்கள். மேலே பார்வை மேடையிலிருந்தே பாலமும் கோயிலும் முழுதாகத் தெரியும். நீங்கள் இறங்குவதாக இருந்தால் இணையத்தில் இலவச அனுமதிச் சீட்டு முன்பே எடுத்து வையுங்கள். மேலே மணியை மூன்று முறை அடிக்க வேண்டும் என்பது வழக்கம், அந்த வேலை மகளுக்கு.

வியாழன் சுமாயாவும் கெத்தாரியாவும். கிளம்புமுன் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பாருங்கள். இந்தக் கரையில் பெரிய ஏற்றம் என்றால் நான்கு மீட்டருக்கு மேல். சுமாயாவில் பாறை அடுக்குகள் அடுக்கி வைத்த பலகைபோல் கடலுக்குள் நீளும்; கடல் உள்வாங்கினால்தான் அந்தக் காட்சி. டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய அடுக்கும் அதில் இருக்கிறது. கீழே இறங்க முடியாவிட்டால் சான் தெல்மோ கோயில் மேட்டிலிருந்து பார்க்கலாம். லெகெய்த்தியோ தீவும் அப்படித்தான். தண்ணீர் வடியும்போது நடந்து போகலாம், நேரம் தப்பினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

சுமாயாவிலிருந்து சாராவுட்ஸ் வரை என்-634 சாலை கடலை உரசிக்கொண்டே போகும். மொத்தப் பயணத்திலும் எனக்குப் பிடித்தது அந்தத் துண்டுதான். புயல் நாளில் பாறை சரிந்து மூடுவதுண்டு. அன்றைக்கு மட்டும் நெடுஞ்சாலை.

சக்கரம்:
லைசென்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள் சார். படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஓராண்டு செல்லும். கூடவே நம்ம ஊர் லைசென்ஸ் அசலும் கையில் இருக்க வேண்டும். முன்பணம் பிடிக்க ஓட்டுநர் பேரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள்; டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள். ஆட்டோமேட்டிக் குறைவாகத்தான் இருக்கும், இப்போதே பதிவு செய்யுங்கள். வலது கையால் கியர் தேடும் பாடாவது மிச்சம்.

முதல் அரை மணி நேரம் ரவுண்டானாதான் சோதனை. இடது பக்கம் பாருங்கள், உள்ளே சுற்றுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, அது போனதும் வலப்புறமாக நுழையுங்கள். வெளியேறும் வழி தவறினால் இன்னொரு சுற்று, யாரும் ஹார்ன் அடிக்க மாட்டார்கள். இண்டிகேட்டர் அங்கே இடது கைப் பக்கம். நம்ம ஊர்ப் பழக்கத்தில் வலது குச்சியைத் தட்டினால் வைப்பர் ஆடும்!

பங்கில் 'கசோலினா' பெட்ரோல், 'கசோலியோ' டீசல். இரண்டும் 'கசோ'வில்தான் தொடங்கும், டேங்க் மூடிக்குள் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். சுங்கச்சாவடியில் ஆங்கில 'T' மட்டும் போட்ட வரிசைக்குள் போகாதீர்கள், அது கருவி பொருத்திய வண்டிகளுக்கு.

ரவாதோசை:
அம்மா சாப்பாடுதான் நிஜமான சிக்கல். 'என்சலாதா மிக்ஸ்தா' என்று பச்சைக் காய் சாலட் கேட்டால் மேலே சூரை மீனைக் கொட்டிக் கொண்டுவருவார்கள். 'சின் அத்தூன்' (சூரை மீன் இல்லாமல்) என்று முன்கூட்டியே சொல்லுங்கள். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் ஹாம் துணுக்கு வந்து சேரும், அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். முட்டை சேர்ப்பார் என்றால் உருளைக்கிழங்கு தொர்தியா (ஆம்லெட்) எங்கும் கிடைக்கும். சேர்க்காவிட்டால் கெர்னிகா மிளகாய் வறுவல், ரொட்டி. மிளகாய் காரமே இருக்காது, உப்புத் தூவித் தருவார்கள்.

சமையலறை உள்ள வீடாக எடுத்து ஒரு குக்கரும் பருப்பும் கொண்டுபோங்கள். ஞாயிறு கடைகள் மூடிக்கிடக்கும், நீங்கள் இறங்குவதோ ஞாயிறு மதியம். முதல் ராத்திரிச் சாப்பாட்டைப் பெட்டியிலேயே கட்டிக்கொண்டு வாருங்கள். ஓட்டல்களில் இரவு எட்டரைக்கு முன் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், குழந்தை அதற்குள் தூங்கிவிடும்.

கோவைவாசி:
பில்பாவோ மூன்று இரவு கார் இல்லாமல், சாராவுட்ஸ் மூன்று இரவு காரோடு, சேன் ஜான் த லூஸ் ஒரு இரவு, அங்கிருந்து டிஜிவி. மாற்றிப் பதிவு செய்துவிட்டேன். கார் கட்டணம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. கடைசியாக ஒன்று: மகளுக்குத் தனி இருக்கை கட்டாயமா? வாடகைக்காரர் நாள் கணக்கில் காசு கேட்கிறார்.

சக்கரம்:
கட்டாயம். 135 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரம் என்றால் குழந்தை இருக்கை வேண்டும், பின்னால்தான் உட்கார வேண்டும். இங்கேயே பூஸ்டர் வாங்கி எடுத்துப் போங்கள். பல விமானங்களில் அதற்கு எடைக்காசு இல்லை, உங்கள் டிக்கெட்டில் எப்படி என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியத் தர முத்திரை இருக்கிறதா என்று அடியில் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.